கழன்ற கைப்பிடி

கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும், நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா டிரைவராக இருந்து ஓட்டிய அதே அம்பாசடர் இன்று என் பட்டறைக்குச் சீட்டு மாற்றும் உள்வேலைக்கு வந்துவிட்டது! கூடவே அதன் சொந்தக்கார அம்மாவும் வந்தார். அவரை நாங்கள் கன்னட மரியாதையில் அம்மாவரு என்போம்.

"பின்கதவுல கண்ணாடி இறக்குற கைப்பிடி மட்டும் இல்ல. பழசே கிடைக்குமா?" என்றார். நான் நேரே பின்சீட்டுக்குப் போனேன்.

இதுவரை யாரும் பிரிக்காத பின்சீட்டைத் தூக்கியதும் தேங்காய் நார் மணந்தது. உடனே மைசூரில் அவர்கள் பங்களாவின் கார் ஷெட்டுக்குப் போய்விட்டேன்: தகரக் கூரையில் அணில்கள் ஓட, அப்பா ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்க, பெட்ரோல் வாசனையில் அந்தச் சீட்டின் மேல் நான் துள்ளிக்கொண்டே இருந்த காலைகள். இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

ஒருநாள் பின்சீட்டில் இருந்த என்னிடம் முன்சீட்டிலிருந்து அம்மாவரு திரும்பாமலே, "ஸ்வல்ப தெகியப்பா" என்றார். கன்னடத்தில் ஸ்வல்ப என்றால் கொஞ்சம்; தெகி என்றால் திற என்றும் பொருள், கழற்று என்றும் பொருள். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்து ஹனூரிலிருந்து புதிதாக வந்திருந்த எனக்குக் கழற்று மட்டுமே தெரியும், கண்ணாடியைத் திறக்கச் சொல்கிறார் என்று தெரியாது. லூசாக இருந்த கைப்பிடியைப் பிடுங்கிவிட்டேன்; தப்பு என்று புரிந்ததும் பயந்து சீட்டுக்குள் செருகினேன். தொலைத்ததாகத் திட்டு வாங்கியவர் அப்பா. நான் வாயே திறக்கவில்லை.

நாருக்குள் விரலை விட்டேன். சில்லென்று தட்டுப்பட்டது! துடைத்து மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன்: "அப்பா தொலைக்கலை அம்மாவரே. நீங்க தெகின்னீங்க, நான்தான் கழட்டிட்டேன்."

"அய்யய்யோ, பாவம், அவரைப் போய்த் திட்டிட்டேனே!" என்று கையைப் பிசைந்தவர், பிறகு சிரித்துவிட்டார். "இப்பவும் தெகியப்பா. கண்ணாடியை மட்டும்!"

சுற்றினேன். கண்ணாடி இறங்கியது.

மைசூர், ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.