கத்துவதற்கு ஓர் ஆள்

இங்கே கை முறிந்தவன் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கிறான். இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் அது எனக்குப் பழகவில்லை. இங்கிலாந்தின் வடக்கே, நூல் ஆலைகளும் மழையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். அதில் ஓர் ஆஸ்பத்திரி. விபத்து, திடீர் நோய் என்று வருகிறவர்களைப் பார்க்கும் பகுதிக்குக் ‘காஷுவால்டி’ என்று பெயர். அதில்தான் எனக்கு வேலை. காலையில் நான் நுழையும்போது பெஞ்சுகளில் இருபது பேராவது இருப்பார்கள். ஒருவன் இயந்திரத்தில் விரலைக் கொடுத்திருப்பான், ஒருத்தியின் மேல் கொதிநீர் கொட்டியிருக்கும். அத்தனை பேர் இருந்தும் சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கும். முறை வந்ததும் எழுந்து வந்து, “உங்கள் நேரத்தை வீணாக்குகிறேன், மன்னிக்க வேண்டும் டாக்டர்” என்று ஆரம்பிப்பார்கள். முதல் வாரம் முழுவதும் நான் “சரி, மன்னித்தேன்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அது வெறும் வணக்கம் மாதிரி, பதில் சொல்லத் தேவையில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

தென்காசியில் என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஐம்பதுகளில் நான் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் போதும், குற்றாலத்தில் குளிக்கிற தலைகளில் தினம் நாலு தலையாவது பாறையில் மோதிக்கொண்டு எங்களிடம் வரும். ஜட்கா வண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய். இறக்கும்போது ஆள் கையிலிருந்து வழுக்குவான். அருவியில் விழுந்தது போதாதென்று ஆஸ்பத்திரி வாசலிலும் ஒருமுறை விழுவான். அடிபட்டவன் ஒருவன் என்றால் கூட வருகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஈர வேட்டியோடும் ஈரச் சேலையோடும் அத்தனை பேரும் என் அறைக்குள் வந்துவிடுவார்கள். “எய்யா, மண்டை ரெண்டாப் பொளந்துட்டே! ஆளு போயிட்டானே!” என்பார்கள். துடைத்துப் பார்த்தால் புருவத்துக்கு மேலே மூன்று தையல் போடுகிற காயமாக இருக்கும். காதில் விழுவதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பதை இரண்டே வருடத்தில் கற்றுக்கொண்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “அடிபட்டவன் மட்டும் இருக்கட்டும், மத்த எல்லாரும் வெளியே போங்க” என்று கத்துவேன். ஒருமுறை இலத்தூர்க்காரர் ஒருவரை அப்படிக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தைத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். தலை வலிக்கிறதா என்றேன், இல்லை என்றார். மயக்கம்? இல்லை. அப்போது அவருடைய மனைவி வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பாடு போட்டாள். “எய்யா, அவிய பொய் சொல்லுதாவ! வண்டியில ரெண்டு மட்டம் வாந்தி எடுத்தாவ. ஒங்ககிட்ட சொல்ல மாட்டாவ!” எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்த அம்மாளை அங்கிருந்து கிளப்பச் சொன்னேன். எங்கள் கம்பவுண்டர் மைதீன் பாய் நகரவே இல்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர். “டாக்டரய்யா, வாந்திங்காளே. இன்னைக்கு ஒரு நாளு இங்கன கெடக்கட்டுமே” என்றார். படுக்க வைத்தோம். சாயங்காலத்துக்குள் அந்த மனிதருக்கு நினைவு மங்க ஆரம்பித்தது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

இந்த ஊர் வைத்தியத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான். சீமானும் கூலிக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் முந்துவதில்லை. ‘கலெக்டர் ஆபீஸில் என் மச்சான் இருக்கிறான்’ என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. ஆனால் ஒரு குறை. எந்த நோயாளியும் என்னிடம் ‘என்ன சாப்பிடலாம்?’ என்று கேட்பதில்லை. தென்காசியில் அந்தக் கேள்வி இல்லாமல் யாரும் எழுந்து போனதில்லை. தயிர் சேர்க்கலாமா, கத்தரிக்காய் ஆகுமா, கடைசியில் கட்டாயம் ஒன்று: “அருவியில குளிக்கலாமாய்யா?” நெஞ்சில் சளி கட்டி இழுத்துக்கொண்டிருப்பவரும் சாரல் காலத்தில் அதைக் கேட்பார். கூடாது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு நேராகப் போய்க் குளிப்பார். அதற்கெல்லாம் திட்டித் திட்டித் தொண்டை கட்டியவன் நான். இங்கே மருந்துச் சீட்டைக் கொடுத்ததும் ‘தாங்க்யூ’ என்று எழுந்துவிடுகிறார்கள். திட்டுவதற்கு ஒரு காரணமும் கிடைப்பதில்லை.

ஆல்பர்ட் என்று ஒரு கிழவர், ரயில்வே பணிமனையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு மார்கழியில் வந்தார். தனியாக, நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டு, வயிற்றில் ‘எ பிட் ஆஃப் டிஸ்கம்ஃபர்ட்’ என்றார். லேசாக ஏதோ சரியில்லை, அவ்வளவுதான் என்று அர்த்தம். பெஞ்சில் கூட்டம் இருந்தது. சட்டைக்கு மேலேயே கையை வைத்துப் பார்த்தேன். பாதியைத் தள்ளுகிற பழக்கம் கையோடு கப்பலேறி வந்திருந்ததல்லவா? லேசில் பாதியைத் தள்ளினால் என்ன மிஞ்சும்? நெஞ்செரிச்சலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இங்கே தலைமை நர்ஸை ‘சிஸ்டர்’ என்பார்கள். எங்கள் சிஸ்டர் டோரத்திக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள். கிழவர் வாசலைத் தாண்டிய பிறகு என்னிடம் வந்து, “அவரைப் போகவிட்டீர்களா?” என்றாள். ஆமாம் என்றேன். மழையில், தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல், பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். கிழவரின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். “அவர் ஷூ கயிறு கட்டவில்லை, டாக்டர். இந்த ஊரில் அந்த வயது ஆள் கயிறு கட்டாமல் தெருவில் இறங்க மாட்டார். குனிய முடியவில்லை என்றால்தான் அப்படி வருவார்” என்றாள். சட்டையைக் கழற்றி வயிற்றைத் தொட்டேன், பலகையாக இருந்தது. குடல்புண் பொத்துக்கொண்டுவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதும் அவர் என்னைப் பார்த்து, “உங்களுக்கு வீண் சிரமம்” என்றார். பிழைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு சித்தாந்தம் உண்டாக்கிக்கொண்டேன். நம்மூரில் சொல்வதைப் பாதியாக்கு, இங்கே சொல்வதை நாலு மடங்காக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஆட்கள் நாலைந்து டாக்டர்கள் கூடி ரசம் வைத்துச் சாப்பிடுவோம். அங்கே இதை நான் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அளந்துகொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

அப்போதுதான் கோமதி அக்காவின் கடிதம் வந்தது. கோமதி எனக்குப் பத்து வயது மூத்த அக்கா, தென்காசியில் குடும்பமாக இருக்கிறாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. காலில் முள் குத்தினாலும் மாசி வீதிக்கே தெரியும். கடிதத்தில் ஊர்ச் செய்தி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இந்த வருஷம் நல்ல சாரல். ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம். நான் இன்னும் குளிக்கப் போகவில்லை. போகத் தோணவில்லை. மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன், வயசாகுதில்லா. சிரிக்காதே, அரிசி களையும்போது ஒரு பிடி பச்சையாக வாயில் போட்டுக்கொள்கிறேன், மசக்கைக்காரி மாதிரி. மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை. நீ மழையில் நனையாதே.’

சிரிக்காதே என்றதற்குச் சிரித்துவிட்டுக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்தேன். மறுநாள் காலை ஒரு பையனுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ‘போகத் தோணவில்லை’ என்ற சொல் திரும்ப வந்தது. அக்காவுக்கு அருவிக்குப் போகத் தோன்றவில்லையா? காய்ச்சலோடு போய்க் குளித்துவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்கியவள். கைக்குழந்தையை அத்தானிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போய் நிற்பவள். கடிதத்தை எடுத்து, ஒரு நோயாளி சொல்வதைக் கேட்பது மாதிரி மறுபடி படித்தேன். படியில் மூச்சு வாங்குகிறது. அரிசியைப் பச்சையாகத் தின்ன ஆசை வருகிறது. உடம்பில் ரத்தம் வற்றிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அப்படி வரும். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு ரத்தம் எங்கே போகும்? பெரும்பாடு, நிற்காத தீட்டு. மாதக்கணக்காகப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். அதைத் தம்பிக்கு எந்த அக்கா எழுதுவாள்?

என் சித்தாந்தம் அந்த நிமிடமே செத்தது. தென்காசியில் என் அறைக்குள் கத்தியவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மா, மாமியார், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர். படுத்துக் கிடந்தவர்கள்? அவர்கள் இலத்தூர்க்காரர் மாதிரி ‘ஒண்ணுமில்லய்யா’ என்றுதான் சொன்னார்கள். ஆல்பர்ட்டும் அதையேதான் சொன்னார். நோயாளி இரண்டு ஊரிலும் ஒன்றுதான். நம்மூரில் அவனுக்காகக் கத்துவதற்குக் கூடவே ஓர் ஆள் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆளைத்தான் நான் ஐந்து வருடம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். அத்தான் பரம சாது. அக்கா ஒன்றுமில்லை என்றால் சரி என்று போய்விடுவார். அக்காவுக்காகக் கத்த வேண்டியவன் நான். நான் ஆறாயிரம் மைலுக்கு இப்பால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தேன்.

மைதீன் பாய்க்குத் தந்தி கொடுத்தேன்: அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து ரத்தம் பாருங்கள், நான் தொலைபேசியில் பேசுகிறேன். கடல் தாண்டிப் பேச முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரி விடுதியில் சவரம் செய்துகொண்டிருந்தபோது, இணைப்பு வந்திருப்பதாக ஆள் ஓடிவந்தான். நானும் அப்படியே ஓடினேன். காஷுவால்டி வாசலில், பெஞ்சுகளிலிருந்து பார்த்தால் தெரிகிற நடைவழிச் சுவரில்தான் தொலைபேசி. காற்றும் கடலும் சேர்ந்து இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள் மைதீன் பாய்.

“டாக்டரய்யா! கண்ணு இமையைத் தாழ்த்திப் பாத்தேன், வெள்ளை வெளேர்னு இருக்கு. லேடி டாக்டரு இன்னைக்கே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொல்லுதாவ. ரத்தம் ஏத்தணுமாம், ஆபரேஷனும் இருக்குமாம். அக்கா மாட்டேங்காவ. பக்கத்துலதான் நிக்காவ, பேசுங்க.”

“ஏலே, நல்லாயிருக்கியா? அங்கன மழையா?” என்றாள் அக்கா. எங்கள் தெருவையே எழுப்பும் அந்தக் குரல் இரைச்சலுக்குள் பாதிதான் வந்தது.

“நீ ஏன் போகமாட்டேங்கே?”

“எனக்கு ஒண்ணுமில்லலே. இவிய ஊரக் கூட்டுதாவ. சாரல் முடியட்டும், மெதுவாப் போறேன்.”

நான் கத்தினேன். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. “ஏ பாவி, செத்துப் போவே! கேக்குதா? இந்த மாசமே செத்துப் போவே! மைதீன் பாய், ஒங்க கால்ல விழுதேன், அவள விட்டுராதீய. எய்யா, புண்ணியமாப் போகும், எப்படியாவது ரயில்ல ஏத்திருங்க!” அந்த வார்த்தைகளை நான் யோசித்துச் சொல்லவில்லை. என் அறைக்குள் ஈர வேட்டியோடு நின்றவர்கள் என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். நான் பாதியாக்கித் தள்ளியவை.

“கத்தாதலே. போறேன்” என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது.

அன்றே போனாள். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் கை வைத்திருக்கவே முடியாது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னாராம். அடுத்த சாரலுக்கு அவள் அருவியில் நின்றாள் என்று மைதீன் பாய் எழுதினார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

தொலைபேசியை வைத்த அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. திரும்பினேன். பெஞ்சில் இருந்த இருபது பேரும் என்னைப் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். சிஸ்டர் டோரத்தி எதிரே நின்றாள்.

“ஏதாவது பிரச்சினையா, டாக்டர்?”

என் வாய் தானாகவே திறந்தது. “ஒன்றுமில்லை சிஸ்டர். ஊரில் லேசாக ஒரு தொந்தரவு. சத்தம் போட்டதற்கு மன்னிக்க வேண்டும்” என்று சுத்தமான இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் ஷூ கயிறு இரண்டும் அவிழ்ந்து தரையில் கிடந்தன. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன்.