ரோசியும் துரையும் கடலுக்குப் போன கோடை

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் வீடு எங்களுடையதாக இருக்காது. ஏற்காட்டில் ஏரியைத் தாண்டி மேலே ஏறும் சாலையில், மூன்று அறைகளும் ஓட்டுக்கூரையுமாக இருந்த சுமாரான வீடுதான். ஆனால் சீசன் சமயத்தில், ஓட்டலில் இடம் கிடைக்காமல் பெட்டியும் கையுமாக நிற்கிறவர்களுக்கு அதுவே அரண்மனை. அப்பா தலைச்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருந்தார். சேலத்திலிருந்தோ மெட்ராஸிலிருந்தோ ஒரு குடும்பம் வருகிறது என்று கடைத்தெருவில் யாராவது சொல்லிவிட்டால் போதும். பாய், பாத்திரம், என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, கொல்லைப்புறத்தில் காப்பிக்கொட்டை போட்டு வைக்கிற கொட்டகைக்கு நாங்கள் குடிபோய்விடுவோம்.

போவதற்கு முன் அம்மா செய்கிற கடைசி வேலை, சுவரில் இருக்கிற படங்களைக் கழற்றுவது. அப்பா முக்காலியைப் பிடித்துக்கொள்வார். கல்யாணப் படம், கோட்டு மாட்டிய தாத்தா, மொட்டைத் தலையோடு நான் வாயைப் பிளந்து அழுகிற படம் என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். எல்லாவற்றையும் பழைய புடவையில் சுற்றிக் கொட்டகை மூலையில் வைத்துவிடுவாள். விறகுப் புகை ஏறிப் பழுத்துப்போன சுவரில், படம் இருந்த இடங்கள் மட்டும் வெள்ளைச் சதுரங்களாகத் தெரியும். "வர்றவங்களுக்கு யாரோ ஊட்டுல தங்கியிருக்கறாப்புல தோணக் கூடாதுங்க" என்பாள் அப்பாவிடம்.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. கொட்டகை வாசம் எனக்குப் பிடிக்கும். அதைவிட, வந்து தங்குகிறவர்களை வேடிக்கை பார்ப்பது பிடிக்கும். அவர்கள் வந்து இறங்கியதும் அட்டை கடிக்குமா என்று கேட்பார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, பாலில் புகை நாற்றம், சில்வண்டு காதைத் துளைக்கிறது. குறை சொல்வதுதான் உல்லாசப் பயணம் என்று நான் முடிவு செய்திருந்தேன். எனக்கும் ஒருமுறை யாருடைய ஊருக்காவது போய், ஆசை தீரக் குறை சொல்ல வேண்டும் என்று இருந்தது.

சிக்கல் எங்கள் நாய்களால் வந்தது. ரோசி செம்பட்டை நிறத்தில் நல்ல குண்டு. அவள் மகனுக்குத் துரை என்று பெயர் வைத்தது மாமா, அதாவது அம்மாவின் தம்பி. எஸ்டேட் மானேஜரையும் எல்லோரும் துரை என்றுதான் சொல்வார்கள். அப்பா பகலெல்லாம் அங்கே கைகட்டி "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து "டேய் துரை, போடா வெளியே" என்று அதட்டும்போது அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. இந்த இரண்டுக்கும் சீசன் என்றால் என்னவென்று புரியாது. கொட்டகையில் கட்டிப்போட்டால் கயிற்றைக் கடித்துவிட்டு, வீட்டு வாசற்படியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அந்த வருடம் வரவிருந்த மெட்ராஸ் குடும்பம், தங்களுடைய இரண்டு பொமரேனியன் நாய்களையும் கூட்டி வருவதாகவும், அதனால் ஊர் நாய் எதுவும் கண்ணில் படக்கூடாது என்றும் சொல்லி அனுப்பியது. மழைக்கு முன் கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருந்ததால், வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வழியில்லை. எனக்கு அழுகையாக வந்தது. ரோசியைப் பார்த்து ஊர் நாய் என்று சொன்னவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

மாமாதான் வழி கண்டுபிடித்தார். அவர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் மலையிலேயே கொட்டச்சேட்டில் சில்வர் ஓக் மரம் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போகிற வேலை வந்திருந்தது. "அக்கா, எவனெவனோ உன்ற ஊட்டுக்கு வந்து சொகமா இருந்துட்டுப் போறான். ஒருக்கா நீயும் எவனோ ஊட்டுல போய் இருந்துட்டு வாயேன். நாய்ங்களையும் கூட்டிக்குவோம்" என்றார். வீட்டை விட்டுவிட்டு எங்கேயடா போவது என்று அம்மா தட்டிக் கழித்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீரும் விறகும் எடுத்துக் கொடுக்க நான் இருக்கிறேன், போய் வா என்று அப்பா சொன்னதும் உள்ளே போய்த் துணிமணியை எடுத்து வைத்தாள். அம்மா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறங்கும்வரை நாய்கள் சமர்த்தாக இருந்தன. மலையில் பிறந்தவை அல்லவா? சேலம் தாண்டி நேர்ச்சாலை வந்ததும் இரண்டும் வாந்தி எடுக்க ஆரம்பித்தன. இவ்வளவு தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் எப்படிப் போவது என்று எனக்குமே குமட்டியது.

கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊர். மாமாவுக்குத் தெரிந்த உப்பு வியாபாரி ஒருவர் வாடகைக்குப் பேசி வைத்திருந்த வீடு. இரண்டே அறை, சாணி மெழுகிய தரை. படகில் மீன் பிடிக்கப் போயிருந்த ஒருவருடைய மனைவி எங்களை வரவேற்றாள். அவளுக்குப் பின்னால் என் வயதில் ஒரு பெண், அவள் கையில் கயிறு, கயிற்றின் முனையில் காது கிழிந்த ஒரு நாய். "ஒங்க நாய்ங்களுக்கு எடைஞ்சலா இருக்குமேன்னு எங்க ராஜாவப் பின்னால கட்டிப்போடச் சொல்லிட்டேன்க்கா" என்றாள் அந்த அம்மா. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எங்கள் நாய்களுக்காக ஒரு நாயைக் கட்டிப்போடுகிறார்கள்! ரோசியின் காதில் அதை நான் தனியாக ஒருமுறை சொன்னேன்.

நான் உடனே வேலையைத் தொடங்கினேன். மீன் கடிக்குமா என்று கேட்டேன். தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றேன். கடல் ரொம்பச் சத்தம் போடுகிறது, ராத்திரியில் கொஞ்சம் குறைக்க முடியாதா என்று கேட்டதற்கு அந்தப் பெண் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அம்மா மட்டும் எந்தக் குறையும் சொல்லவில்லை. வீட்டுக்குள் நுழைந்தவள் சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புப் புகை படிந்த சுவரில் நாலைந்து இடங்களில் வெள்ளைச் சதுரங்கள் இருந்தன. சரியாக வெள்ளை அடிக்காத வீடு என்று அதையும் என் குறைகளோடு சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடலுக்குப் போனோம். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை வந்து புடவையை முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. அதற்கும் அசையவில்லை. எப்படி இருக்கிறது என்று மாமா கேட்டார். "நொம்பப் பெருசா இருக்குதுடா" என்றாள். கரையின் நீளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "இத்தனை எடத்தையும் யாருடா கூட்டிப் பெருக்கறது?" என்றாள். மாமா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வலை காய வைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் எவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

துரை ஒவ்வோர் அலையையும் பார்த்துக் குரைத்தான். அலை திரும்பிப் போனதும், தான் விரட்டியதால்தான் போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு வெற்றி ஒரே நாளில் கிடைத்ததில்லை. ரோசி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதை ஒரு பொருட்டாக மதிக்க அவளுக்கு விருப்பமில்லை.

பின்பக்கத்தில் ராஜா மட்டும் ஓயாமல் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் ஊளை நின்றது. சற்று நேரத்தில் அந்தப் பெண் வீட்டின் மூலையில் வந்து நின்றாள். வாசலுக்கு வரவில்லை. மூலையில் நின்றபடியே, "எங்க ராஜா இந்தப் பக்கம் வந்துச்சா?" என்றாள். கையில் கடிபட்ட கயிறு இருந்தது. அன்று விடிந்ததும் டீ குடிக்கப் போயிருந்த மாமா, பக்கத்துத் தெருவில் நாய் பிடிக்கிற வண்டி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். தோசை அடுப்பிலேயே கருகியது. கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகுகளின் நிழலிலெல்லாம் குனிந்து பார்த்தோம். அந்த அம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள். என் அம்மா நேராக நாய் வண்டிக்குப் போனாள். எங்கள் ஊர்க் கடைத்தெருவில்கூட அரிசி விலையைச் சன்னமான குரலில் கேட்கிறவள், அங்கே வண்டிக்காரனிடம் கதவைத் திறந்து காட்டினால்தான் ஆயிற்று என்று நின்றாள். "ஏனுங்க, ஊட்டு நாயுங்க அது. காது கிழிஞ்சிருக்கும். தொறங்க, நான் பாத்துக்கறேன்." அவன் திறந்து காட்டினான். வண்டிக்குள் இருந்தவற்றில் ராஜா இல்லை. இல்லையென்று தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு அழுகை நிற்கவில்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது.

வெயில் ஏறிய பிறகு தளர்ந்துபோய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் ரோசியும் துரையும் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தன. கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே போகச் சொன்னால் இரண்டும் என்னைப் பார்த்தன, உள்ளே பார்த்தன, நகரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் ராஜா சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. தரையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். மோசமான தரை என்று முதல் நாளே குறை சொல்லி, அதன்மேல் என் துணிப்பையை வைத்திருந்தேன். பை இப்போது ஓரமாகத் தள்ளப்பட்டிருந்தது. ராஜாவின் உடம்பு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவினாள். "உன்ற ஊடுதானே சாமி. நீ படுத்துக்கோ" என்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள். நாய்தான் கிடைத்துவிட்டதே, இனி எதற்கு அழ வேண்டும் என்று எனக்குக் கோபமாக வந்தது. அந்தப் பெண் இன்னமும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "உள்ள வா கண்ணு. உன்ற ஊட்டுக்குள்ள வாரதுக்கு யாரைக் கேக்கோணும்?" என்று அம்மா அவளைக் கைநீட்டிக் கூப்பிட்டாள்.

அதோடு என் உல்லாசப் பயணம் கெட்டது. அம்மா ராஜாவைக் கட்டக்கூடாது என்றுவிட்டாள். பின்னால் ஓலைக்கொட்டகையில் இருந்த அந்த அம்மாவையும் பெண்ணையும் வீட்டுக்குள் கூட்டி வந்துவிட்டாள். ஒரே அடுப்பில் ஒருத்தி மீன் குழம்பு வைக்க, ஒருத்தி காப்பி போட, இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். வருவதற்கு முன் கடல் கடல் என்று நான் கனவு கண்டதெல்லாம் போய், அம்மா அடுப்படியை விட்டு நகரவில்லை. வாடகைக்கு இருப்பது இப்படியல்ல என்று மாமாவிடம் முறையிட்டேன். மாமா என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வறுத்த மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மூன்று நாய்களும் வாசற்படியில் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்கின.

கிளம்புகிற நாளில் அம்மா அந்த வீட்டைப் பெருக்கி, சாணி கரைத்து மெழுகினாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பள்ளத்தை மட்டும் நிரவாமல் சுற்றி மெழுகினாள். பிறகு, "படமெல்லாம் எங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா கொட்டகைக்குப் போய், பழைய புடவையில் சுற்றிய ஒரு மூட்டையை எடுத்து வந்தாள். இவர்களும் நம்மைப் போலவே படங்களைக் கொட்டகையில்தான் வைக்கிறார்கள், தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம் போல என்று எனக்குத் தோன்றியது. எது எங்கே என்று அந்தப் பெண் கையைக் காட்ட, அம்மா ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒவ்வொரு படமும் ஒரு வெள்ளைச் சதுரத்தில் போய் உட்கார்ந்தது. மாமா ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அம்மா கையிலிருந்த காப்பித்தூள் முழுவதையும் கொடுத்தாள். அவர்கள் கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். அடுத்த வருடமும் வாருங்கள் என்றார்கள். "நீங்க எங்கூட்டுக்கு வாங்க. மே மாசத்துல மட்டும் வராதீங்க, அப்ப நாங்களே அங்க இருக்க மாட்டோம்" என்று அம்மா சொன்னதும் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரோசியும் துரையும் பொமரேனியன் வாசத்தை அறை அறையாக மோந்து பார்த்துவிட்டு, வாசற்படியில் போய்ப் படுத்துக்கொண்டன. கருவாட்டு நாற்றம் ஒரு மாதம் கொட்டகையை விட்டுப் போகவில்லை. காப்பிக்கொட்டையில் ஏறிவிடும் என்று அப்பா புலம்பினார்.

மறு வருடம் மே மாதம் வந்தது. பாயையும் பாத்திரத்தையும் கொட்டகைக்குக் கொண்டுபோன பிறகு, அப்பா வழக்கம்போல முக்காலியை எடுத்து வந்து சுவரோரமாகப் போட்டுப் பிடித்துக்கொண்டார். அம்மா ஏறவில்லை. "இருக்கட்டுங்க" என்றாள். அப்பா அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு முக்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் வந்து இறங்கிய ஈரோட்டுக்கார அம்மா, வாசற்படியில் படுத்திருந்த நாய்களைத் தாண்டி உள்ளே வந்து, சுவரில் இருந்த கல்யாணப் படத்தைக் காட்டி யார் இது என்று கேட்டாள். "நாங்கதானுங்க" என்றாள் அம்மா. "இது எங்க ஊடுங்க."

அந்த வருடமும் சுவருக்கு வெள்ளை அடிக்கவில்லை. படத்தைக் கழற்றினால் சதுரம் சதுரமாகத் தெரியும், பார்க்க நன்றாக இருக்காது என்றுதான் அம்மா படங்களை அப்படியே விட்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.