முப்பத்தொன்பது கருவிகளும் ஒரு குளியலறைக் கதவும்

திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் கழன்று தொங்கத் தொடங்கி மூன்று வாரமாகியிருந்தது. எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனுக்கு நான்கு முறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் மரியாதையாகவே பேசினார். நான்காவது முறைதான் உண்மையைச் சொன்னார்.

"ரெண்டு ஸ்க்ரூவுக்காக வண்டி எடுத்துட்டு வந்தா எனக்குக் கட்டுப்படியாகாது மேடம். வேற ஏதாவது வேலை சேர்ந்தா சொல்லுங்க, ஒண்ணா முடிச்சிடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு சாமான் கெட்டுப்போகட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆறே வீடுகள் உள்ள ஒரு பழைய கட்டடத்தில், முதல் மாடியில், தனியாக இருக்கிறேன். மிக்ஸி, வாஷிங் மெஷின் பெட்டிகளுக்குள் பாலிதீன் பையில் போட்டு வைக்கிறார்களே கையேடு, அதைத் தமிழில் எழுதித் தருவது என் தொழில். யாரும் படிப்பதில்லை என்று தெரிந்தே பதினோரு வருடமாக எழுதுகிறேன். 'திருப்புளியால் இடப்புறமாகச் சுழற்றவும்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஊரே ஸ்க்ரூடிரைவர் என்று சொல்கிற அந்தத் திருப்புளியை நான் கையில் பிடித்து எதையும் சுழற்றியது கிடையாது. கூச்சமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை தி. நகருக்குக் கிளம்பிப் போனேன்.

உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பிளாஸ்டிக் வாளி, கொசுவலை, பூட்டு எல்லாம் தொங்கவிட்ட கடை. ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார் கடைக்காரர். சூட்கேஸ் மாதிரி விரிந்தது. சுத்தியல், கட்டிங் பிளேயர், மூக்கு நீண்ட ஒரு குட்டிப் பிளேயர், நாலைந்து ஸ்க்ரூடிரைவர், கடிகாரத்துக்கானவை போல ஊசி ஊசியாக ஆறு, ஸ்பேனர்கள், டேப், டெஸ்டர். ஒவ்வொன்றும் தனக்கென்று வெட்டிய குழியில் படுத்திருந்தது. முப்பத்தொன்பது உருப்படி என்று மூடியில் அச்சிட்டிருந்தது. விலையோ, ஒரு நல்ல குடை வாங்குகிற அளவுதான்.

"இது நல்லா உழைக்குமா?" என்று கேட்டேன்.

"தொழிலுக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குன்னா தாராளமா எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பதில் பஸ்ஸில் திரும்பும்போது மனதில் உறுத்திக்கொண்டே வந்தது. வீட்டுக்கு என்றால் எவ்வளவு? தொழில் செய்பவர் ஒரு நாளில் திருகுவதை நான் ஒரு வருடத்தில் திருகுவேன், சரி. ஆனால் திருகும் அந்த ஒரு ஆணி என்னவோ இரண்டு பேருக்கும் ஒரே இறுக்கமாகத்தானே இருக்கும்? வீட்டுக்குப் போனதும் ஒரு பழைய நோட்டை எடுத்தேன். இந்தப் பெட்டி என்னைப் போன்ற ஒருத்திக்கு உதவுமா உதவாதா என்று நானே பார்த்துத் தீர்மானிப்பதாக முடிவு செய்தேன். எதை எப்போது எடுத்தேன், என்ன ஆயிற்று என்று குறித்து வைப்பது. கையேடு எழுதுகிறவளின் புத்தி, வேறென்ன.

முதல் வேலை திரைச்சீலைக் கம்பி. சுவரில் ஓட்டை பெரிதாகிப் போயிருந்ததால் புது பிளாஸ்டிக் கட்டையைச் செருகி, சுத்தியலால் தட்டி, ஸ்க்ரூவை முடுக்கினேன். ஒரு மணி நேரம் ஆனது. முடித்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கி, அறையின் அந்தக் கோடியில் போய் நின்று பார்த்தேன். திரையை இழுத்துவிட்டேன், திறந்தேன், மறுபடி இழுத்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸான அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. நோட்டில் 'ஸ்க்ரூடிரைவர் நன்று. சுத்தியலின் தலை லேசாக ஆடுகிறது' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. சமையலறை அலமாரியின் கீல், மூக்குக் கண்ணாடியின் காது, ஆடிக்கொண்டிருந்த நாற்காலி எல்லாம் ஒழுங்குக்கு வந்தன. டெஸ்டரை மட்டும் தொடவில்லை. மின்சாரத்தில் பரிசோதனை செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, முப்பத்தொன்பதில் ஏழு கருவிகளைத்தான் எடுத்திருந்தேன். மற்றவை குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் கட்டடத்தின் பக்கச் சுற்றுச்சுவரை ஒட்டி ஓர் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். என் வயதுதான் இருக்கும். முன்பு ஆற்றங்கரையில் சைதாப்பேட்டைப் பக்கம் இருந்தவர். அங்கிருந்த குடிசைகளை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்த பிறகும், தினமும் இரண்டு பஸ் மாறி இங்கேதான் வருகிறார். ஒருநாள் துணி கொடுக்க மேலே வந்தவர், கூடத்தில் விரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா இது, கடை போடப் போறியா?"

"சும்மா, வீட்டு வேலைக்கும்மா."

குனிந்து கட்டிங் பிளேயரை எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தார். "வண்டிச் சக்கரத்துல ஒரு நட்டு லூஸாவே கீது. இத்த எடுத்துனு போய்ட்டு வரட்டா?"

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். பிளேயரை என் கையில் தராமல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதன் இரண்டு தாடைகளும் ஒன்றோடொன்று சேராமல் கோணியிருந்தன.

"கோச்சிக்காதமா, நான் ஒண்ணும் முரட்டுத்தனமா முறுக்கல. நட்டு அப்டியேதான் கீது, இதுதான் சாஞ்சிக்கிச்சு. பாக்க ஷோக்கா கீது, இரும்புல வலுவு இல்ல."

"எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?"

"கத்துக்கினது எங்க? புது வூட்டுக்குப் போன அன்னிக்கே கொழா புடுங்கிக்கிச்சு. யார் வர்றா அவ்ளோ தொலைவு? நானே பாத்துகினேன்."

எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் நோட்டில் எழுதினேன்: 'கட்டிங் பிளேயர், வீட்டுக்கும் ஆகாது.'

கீழ்வீட்டு மாமியின் குளியலறையில் பூட்டு மாட்டிக்கொண்டது இது நடந்து பத்து நாளைக்குள். மாமிக்கு எழுபத்திரண்டு வயது. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிள்ளை வெளிநாட்டில். அன்று காலை பத்து மணி இருக்கும், கீழேயிருந்து இஸ்திரி அம்மாவின் குரல் வந்தது.

"யம்மா! மாடியம்மா! கீழ் வூட்டம்மா பாத்ரூம்ல மாட்டிகினாங்க! ஜன்னல் வழியா கூப்டுகினே கீறாங்க!"

மாமி வீட்டின் மாற்றுச் சாவி என்னிடம்தான் இருந்தது. அதையும் கறுப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். முன்கதவைத் திறந்ததும் கருகல் வாசனை. அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. முதலில் அடுப்பை அணைத்தேன். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"மாமி, நான்தான்."

"வந்துட்டியா? இந்தக் குமிழைத் திருகிண்டே இருக்கேன், அது பாட்டுக்குச் சுத்தறது, கதவு திறக்க மாட்டேங்கறது. அடுப்புல பருப்பு."

"அணைச்சிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? மயக்கம் கியக்கம்?"

"ஒண்ணுமில்லை. குளிச்சு முடிச்சு, புடவை கட்டிண்டு, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்துண்டிருக்கேன். முக்கால் மணி நேரமாச்சு."

குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் 'முக்கால் மணி நேரம்' என்று சொல்லும்போது கடைசியில் லேசாக உடைந்தது. மயிலாப்பூரில் ஒரு பூட்டுக்காரரைப் போனில் பிடித்தேன். அடையாறில் வேலையில் இருப்பதாகவும் வர ஒன்றரை மணி நேரமாகும் என்றும் சொன்னார். தீயணைப்புக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மாமி உள்ளேயிருந்து, "வேண்டவே வேண்டாம், கதவை உடைச்சுடுவா. நீ ஏதோ பெட்டி வாங்கியிருக்கியே, அதை வெச்சுப் பாரேன்" என்றார்.

வெளிப்பக்கக் குமிழின் நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தது. அவசரத்துக்குத் திறப்பதற்காக வைப்பது அது. இந்த மாதிரிப் பூட்டுக்கான கையேடு ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஊசி ஸ்க்ரூடிரைவர்களில் இரண்டு மாதமாகத் தொடாத மூன்றாவது அந்தத் துளைக்குள் சரியாகப் போனது. அழுத்தினேன். க்ளிக் என்றது. குமிழைத் திருகினால் அதுவும் சும்மாதான் சுற்றியது. உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

குமிழின் கழுத்திலிருந்த இன்னொரு சிறு துளையில் அதே ஊசியைக் குத்தி இழுத்ததும் குமிழ் கையோடு வந்துவிட்டது. அடுத்து கதவோடு ஒட்டியிருந்த வட்டத் தகடு. பெயிண்ட் அடித்து அடித்து அது மரத்தோடு மரமாக இறுகிப் போயிருந்தது. பெட்டியிலிருந்த பெரிய தட்டை ஸ்க்ரூடிரைவரை அதன் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். தகடு அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரின் முனை, நகம் மடங்குவது போல மடங்கியது. சுத்தியலால் தட்டிப் பார்க்கலாமென்று ஓங்கினால் அதன் தலை கழன்று என் கால் பக்கத்தில் விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றார் மாமி.

"ஒண்ணுமில்ல மாமி." கழன்ற தலையைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

என் பின்னாலேயே உள்ளே வந்து நின்றிருந்த இஸ்திரி அம்மா வெளியே போனார். போன வேகத்தில், இஸ்திரிப் பெட்டியில் கரி கிளறுகிற இரும்புப் பட்டையோடு திரும்பி வந்தார். இரண்டு விரல் அகலம், முழங்கை நீளம், கன்னங்கரேல் என்று.

"நவுரு." பட்டையின் முனையைத் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்து, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட்டார். படக்கென்று தகடு தெறித்து விழுந்தது. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். குமிழையும், நிலைக்குள் போய் மாட்டும் பூட்டின் நாக்கையும் இணைக்கும் துண்டு விலகிக் கிடந்தது, நாக்கின் வால் மட்டும் தெரிந்தது. விரல் போகாத இடம். இஸ்திரி அம்மாவின் பட்டைக்கும் அங்கே வழியில்லை. பெட்டியிலிருந்த நீண்ட மூக்குப் பிளேயரை நுழைத்து அந்த வாலைக் கவ்வி, மெதுவாக என் பக்கமில்லாமல் பக்கவாட்டில் இழுத்தேன். ஒருமுறை நழுவியது. இரண்டாம் முறை நாக்கு உள்ளே போனது. இஸ்திரி அம்மா கதவைத் தோளால் தள்ளினார்.

மாமி கவிழ்த்த வாளிமேல் நேராக உட்கார்ந்திருந்தார், ஈரத் துண்டு தலையில். எழுந்து வந்து எங்கள் இருவர் கையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "உக்காருங்கோ ரெண்டு பேரும், காபி போடறேன்" என்று சமையலறைப் பக்கம் நடந்தார். இஸ்திரி அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். காபியை நான் போட்டேன்.

பூட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்து, அந்தக் குமிழ்ப் பூட்டையே எடுத்துவிட்டுச் சாதாரணத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அவர் போன பிறகு மாமி என்னிடம் கேட்டார்: "எனக்கும் இதே மாதிரிப் பெட்டி ஒண்ணு வாங்கித் தரியா?"

இரண்டு மாதமாக நான் எழுதிவந்த நோட்டுக்கு அதுதான் கேள்வி. அந்த ஊசி இல்லாவிட்டால் குமிழே வந்திருக்காது. குட்டிப் பிளேயர் இல்லாவிட்டால் நாக்கு நகர்ந்திருக்காது. அதே பெட்டியில்தான் மடங்கின ஸ்க்ரூடிரைவரும் தலை கழன்ற சுத்தியலும் இருந்தன. யோசித்துப் பார்த்தால், பலம் வேண்டாத வேலைக்கெல்லாம் அது ஈடு கொடுத்தது. பலம் கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்துவிட்டது. அதோடு, பலம் வேண்டிய வேலை வீட்டில் தினமும் வருவதில்லை. வரும் நாளில் சொல்லிவிட்டு வருவதும் இல்லை.

"பெட்டி வேண்டாம் மாமி. ரெண்டு மூணு சாமான் மட்டும் நல்லதா, தனித்தனியா வாங்கலாம்" என்றேன். "எங்கிட்ட அந்தச் சின்னச் சாமான்லாம் இருக்கு. வேணும்னா மேலேருந்து எடுத்துக்கலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இஸ்திரி அம்மாவோடு சைதாப்பேட்டை பஜாருக்குப் போனேன். அவருக்கு அங்கே ஒவ்வொரு கடையும் தெரிந்திருந்தது. இரும்புச் சாமான் விற்கும் கடையில் ஒரு பாயம்மா கல்லாவில் இருந்தார். நாங்கள் கேட்ட ஸ்க்ரூடிரைவர்களை எடுத்து வைத்துவிட்டு, கடை ஓரத்தில் கிடந்த ஒரு மரத்துண்டையும் நாலு ஸ்க்ரூவையும் தள்ளினார். "முடுக்கிப் பாத்துட்டே வாங்குங்க" என்றார். நான் முடுக்கினேன். இஸ்திரி அம்மா முடுக்கினார். மூன்றாவதாகப் பார்த்தது, மரக்கைப்பிடி போட்ட, கனமான ஒன்று. அது ஸ்க்ரூவின் தலையில் உட்கார்ந்த விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வழுக்கவே இல்லை.

"இதான்" என்றார் இஸ்திரி அம்மா.

எனக்கு ஒன்று, மாமிக்கு ஒன்று. கூடவே நல்ல கட்டிங் பிளேயர் மூன்று. மூன்றாவது இஸ்திரி அம்மாவுக்கு. அதை மாமிதான் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அப்புறம் புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் ஸ்டாப்பில் நின்று டீ குடித்தோம். சுத்தியல் மட்டும் இன்னும் வாங்கவில்லை.

இப்போதெல்லாம் காலையில் குளிக்கப் போவதற்கு முன் மாமி எனக்குப் போன் செய்கிறார். "போறேன்" என்று ஒரு வார்த்தை. குளித்து முடித்ததும் மறுபடி, "வந்துட்டேன்." நடுவில் இருக்கும் இருபது நிமிடத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தாலும் ஒரு காது கீழேதான் இருக்கும். சில நாள் இரண்டாவது போன் வராது. படியிறங்கிப் போய்ப் பார்த்தால், மாமி வராந்தாவில் உட்கார்ந்து, பக்கச் சுற்றுச்சுவருக்கு மேலாக இஸ்திரி அம்மாவோடு கறிவேப்பிலைச் செடியில் விழுந்த பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.