கல் விளக்குக்கு ஒரு சுற்று

மூத்தவளே, உனக்கு டைபாய்டு முற்றியபோது, ஆடித் தபசுக்கு நம் அம்மன் கோயிலை நூற்றெட்டுச் சுற்று வருவதாக நேர்ந்துகொண்டேன். தபசு அன்று சுற்றத் தொடங்கினேன். முன்னால் போனவர், உப்புக்காற்றில் கறுத்தவர், சுற்றுக்கொரு தரம் மதில் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

“மக செல்விக்காகச் சுத்துதேன். நீங்க, அண்ணாச்சி?” என்றேன்.

“எங்கூரு லைட் ஹவுசுக்கு. அங்கன நான் காவக்காரன். கல்லு விரிசல் விட்டுட்டு. இடிக்கணுமான்னு ஆபீசர் இன்னைக்குப் பாக்குதாரு.”

“இரும்புல புதுசா கட்டிருவாவல்லா?”

“கட்டுவாவ. ஆனா விளக்கு அணைஞ்சாலும், பாட்டன் காலத்துலேருந்து நிலா வெளிச்சத்துல அந்தக் கல்லைப் பாத்துத்தான்வே கரை சேருதோம்.”

அடுத்த சுற்றில் அந்தக் கல்லையும் காப்பாற்றும்படி அம்மனிடம் சொல்லிவிட்டேன். உடனே திக்கென்றது. உன் பங்கு குறைந்துவிடுமோ? உனக்காக மட்டும் கூடுதலாக ஒரு சுற்று ஓடினேன். அவரைத் தாண்டுகையில், “செல்விக்கு, தாயே” என்று அவர் முணுமுணுப்பது கேட்டது.