பூவாடைக்குக் கடைஞ்ச புளிச்சக்கீரை

ஆந்திரா தனியாப் பிரிஞ்ச புதுசு. ஆரம்பாக்கத்துல அந்த ஊட்டுக்கு நான் ரெண்டாந்தாரமாப் போனேன். அவருக்கு ரயில்வேயில தண்டவாள வேலை. மூத்தவ காய்ச்சல்ல போய்ச் சேர்ந்து வருஷம் கூடத் திரும்பல. அவ பெத்த பொண்ணுக்கு ஆறு வயசு. அந்தக் குழந்தை என் கையால ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடணும், எனக்கு வேண்டியிருந்தது அவ்ளோதான். நகையா கேட்டேன், நட்டா கேட்டேன்?

சமைக்கத் தெரியாதவ இல்ல நான். காராமணியும் கத்திரிக்காயும் போட்டுப் புளிக்குழம்பு வைப்பேன். கேவுரு மாவுல முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைஞ்சு அடை தட்டுவேன். பழவேற்காட்டுலேருந்து கூடைக்காரம்மா வந்தா எறாவும் சுரைக்காயும். சுரைக்காயே தண்ணி விடும், வேற தண்ணி ஊத்தினா கெட்டுது போ. மழை நாள்னா களியும் கருவாட்டுக் குழம்பும். இன்னா வச்சாலும் அந்தப் பொண்ணு ரெண்டு வாய் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிடும். "எங்கம்மா செய்ற மாதிரி இல்ல." அழாது, அடம் பிடிக்காது. அதுதான் என்னைக் கொன்னுச்சு. குழந்தைக்குக் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பிச்சிடுச்சு.

அவரோட அக்கா, என் நாத்தனார், எங்க கூடவே இருந்தாங்க. "அவ கைப்பக்குவம் யாருக்கு வரும்!"னு மூணு வேளையும் அதே பாட்டு. செத்துப் போனவளோட போட்டி போட்டு எவ ஜெயிப்பா? அந்தச் சமையல்கட்டுல நான் தனியா இருந்ததே இல்ல. முதுகுப் பக்கம் யாரோ நின்னுக்கினு சட்டியை எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கும். அவ தாய்வீட்டுச் சீரா வந்த உப்பு ஜாடியை மூடி வச்சிட்டுத் தண்ணிக்குப் போய் வந்தா, மூடி தனியாக் கிடக்கும். பூனை உப்பு தின்னுமா? பயம் வந்தா எனக்குக் கோவம்தான் வரும். "எடுத்தா மூடி வைக்கத் தெரியாதா அக்கா?"ன்னு காலி சமையல்கட்டைப் பாத்து மூத்தவகிட்டக் கத்தியிருக்கேன்.

வருஷம் திரும்பினதும் பூவாடை வச்சாங்க. எங்க பக்கம் சுமங்கலியாப் போனவளைச் சாமியாக் கும்பிடறது அது. புதுப்புடவை, பூவு, அவளுக்குப் பிடிச்ச சாப்பாடு எல்லாம் வச்சுப் படைக்கணும். அவளுக்கு உசுரு புளிச்சக்கீரை. பச்சை மிளகாய், பூண்டு போட்டு நல்லெண்ணெயில வதக்கி மத்தால கடைஞ்சேன். படையல் சாப்பாட்டை வாயில வச்சு உப்புப் பாக்கக் கூடாது, எச்சிலாயிடும். கைக்கணக்குல உப்பு போட்டு ஜாடியை மூடி வச்சேன். ஒரே ஒரு தடவைதான் போட்டேன், சத்தியமா. குளத்தங்கரையிலேருந்து பம்பை அடிச்சு அவளை ஊட்டுக்கு அழைச்சிக்கினு வந்தாங்க. சத்தம் வாசலுக்கு வந்ததும் நானும் ஓடிப்போய்க் கும்பிட்டேன். திரும்பி வந்தா ஜாடி மூடி தரையில கிடந்தது.

படைச்சு முடிச்சு மூணு பேருக்கும் சோறு போட்டேன். முதல் வாயிலயே நாத்தனாருக்கு மூஞ்சி கோணிப் போச்சு. அவர் பிசைஞ்ச கையை எடுக்கவே இல்ல. நானும் ஒரு விரல் தொட்டு நக்கிப் பாத்தேன். ஐயோ, உப்புக் கரிக்குது! போச்சு, மானம் போச்சுன்னு நின்னேன். அந்தப் பொண்ணு மட்டும் தின்னுக்கினே இருந்தது. அள்ளி அள்ளி, கண்ணுல தண்ணி வர வர.

நாத்தனார்தான் மெதுவாச் சொன்னாங்க. "அவளுக்கு எப்பவுமே உப்புக் கை. எத்தினி தடவை திட்டியிருக்கேன்."

இத்தினி மாசமா இதைச் சொல்ல வாய் வரலியான்னு கேக்க நாக்கு துடிச்சுது. அதுக்குள்ள பொண்ணு தட்டை நீட்டிச்சு. "அம்மா, இன்னும் கொஞ்சம்."

என் பக்கம் பாத்து அது அப்படிக் கூப்பிட்டது அதான் முதல் தடவை. கரண்டியை எடுத்தேன். போடறதுக்கு முன்னாடி, என் பின்னால யாராவது நிக்கறாங்களான்னு திரும்பிப் பாத்துக்கினேன்.