தறிக்கூடத்து வாசலில் கிடந்த செருப்பு

“நீ ஏம்மா என்னைப் பிடிக்க வரல? ஏன் அந்தப் பக்கம் ஓடினே?” என் ஐந்து வயது மகள் இன்றுவரை கேட்கும் கேள்வி இது.

போன ஆயுத பூஜை அன்று காலை, ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். தரைக்குச் சிமென்ட் போட்டபோது அறுந்த எர்த் வயரை யாரும் திரும்ப மாட்டவில்லை. அன்றிலிருந்து ஒரு தறியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரல் நுனியில் ஜிவ்வென்று இழுக்கும். அதற்கு எங்கள் வீட்டார் கண்டுபிடித்த வைத்தியம் ரப்பர் செருப்பு. கூடத்து வாசலில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடக்கும். மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

நான் புத்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வோல்டேஜ் என்பது கரண்டைத் தள்ளுகிற அழுத்தம். நாம் செருப்புப் போட்டாலும் போடாவிட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். நம் உடம்பு வழியாக எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை முடிவு செய்வது வழியில் இருக்கும் தடை. காய்ந்த கையும் ரப்பரும் தடையைக் கூட்டும். ஈரம் அதைக் குறைத்துவிடும். தடை குறைந்தால் அதே வோல்டேஜ் அதிகமான கரண்டைத் தள்ளும். பத்தாம் வகுப்புப் பாடம்தான்.

மாமனார் சிரிப்பார். “இன்டர் படிச்ச பொண்ணக் கூட்டிக்கினு வந்தோம், மிஷினுக்கே பயம் வந்துடுச்சு. சும்மா ஜிவ்வுன்னுது, அதுக்கு இன்னாம்மா? செருப்பு போட்டுக்கினு போ.” கணவரும் கூடச் சிரிப்பார்.

ஆயுத பூஜை அன்று என்ன செய்வோம்? கூடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவோம். தறியை ஈரத்துணியால் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்போம். சாமி காரியமாயிற்றே, செருப்பை வெளியே விட்டுவிடுவோம். எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த ஒரே தடையைப் பக்தியோடு கழற்றி வைத்துவிட்டு, ஈரக் காலோடு கும்பிட்டு நின்றோம்.

கற்பூரம் காட்டியதும் தறியைக் கொஞ்சம் ஓட்டுவது வழக்கம். “ஏங்க, தரை காயட்டுங்க” என்றேன். “நல்ல நேரம் போய்க்கினு இருக்குது, நீ வேற” என்று கணவர் சுவிட்சைத் தட்டிவிட்டுத் தேங்காய் எடுக்க நகர்ந்தார். அதற்குள் மகள் சந்தனக் கையோடு பொட்டு வைக்கப் போய் அந்தச் சட்டத்தைத் தொட்டுவிட்டாள்.

அவள் கத்தவே இல்லை. உடம்பு விறைத்து, கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. மாமியார் பதறிப் பிடிக்கப் போனார். “தொடாதீங்க அத்தை!” என்று அலறிக்கொண்டே நான் எதிர்ச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். அதை இறக்கியதும் குழந்தை துவண்டு விழுந்தாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில், இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது என்றார்கள். உள்ளங்கையில் மட்டும் தீக்காயம். மறுநாள் வீடு திரும்பியதும் மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார். பிறகு பக்கத்து வீட்டு அம்மாளிடம், “பெத்தவ புள்ளையாண்ட போவாம செவுத்தாண்ட ஓடறா. இன்னா மனசோ!” என்றார். என் இடுப்பில் இருந்த மகளும் அதைக் கேட்டாள்.

கணவர் ஒரு பையைப் பிரித்தார். திருப்பதியில் வாங்கிய சின்ன ரப்பர் செருப்பு! “இனிமே பயமில்ல. பாப்பாவுக்கும் தனியா வாங்கியாச்சு” என்றார்.

அப்போது ஏறிய கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அந்தச் செருப்பைப் பிடுங்கி, மாலை போட்டிருந்த தறியின் மேல் வைத்தேன்.

“பூஜ போட்ட மிஷின் மேல செருப்பா!” மாமனார் எழுந்தேவிட்டார்.

“இதானே மாமா இத்தினி நாளா நம்மளக் காப்பாத்தின சாமி? அங்கியே இருக்கட்டும். எர்த் போடற வரைக்கும் இங்க தறி ஓடாது. யாராச்சும் சுவிட்ச் போட்டா, நான் வெறுங்காலோட தறியத் தொட்டுக்கினு நிப்பேன்.”

அடுத்த நாள் எலக்ட்ரீஷியன் வந்தார். குழி தோண்டி எர்த் கம்பி இறக்கி, எல்லாத் தறிக்கும் வயர் மாட்டினார். கசியும் கரண்டுக்கு நம் உடம்பைவிட எளிதான வழி அது. கசிந்தால் தானே அணைகிற சுவிட்சும் போட்டார். ஒரு நாள் வேலை! அதற்கு என் பெண்ணின் உள்ளங்கை வெந்திருக்க வேண்டுமா? எங்கள் தெருவில் இன்னும் சில கூடங்களின் வாசலில் செருப்புக் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அவளைப் பிடித்திருந்தால் கரண்ட் என் வழியாகவும் ஓடியிருக்கும். செய்தது சரிதான். ஆனால் ஒருவேளை அந்த சுவிட்ச் இறங்காமல் போயிருந்தால்? இப்போதெல்லாம் அவள் தடுக்கி விழுந்தால் அப்பாவிடம்தான் ஓடுகிறாள்.

வாசகர்களே, கரண்டும் தடையும் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு, அம்மா உன்னை விட்டு ஓடவில்லை, உனக்காகத்தான் ஓடினாள் என்று எப்படிப் புரியவைப்பது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.