அண்ணனின் பெட்ரோலில் தண்ணீர் வந்த விதம்

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

அண்ணன் நம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய பக்தியையும் பொறுமையையும் பற்றி மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் அவருடைய ஒரே தங்கை. எனக்குச் சிறு வயது முதலே சந்தேகப் புத்தி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆகவே, நீங்கள் எல்லோரும் நம்பிவிட்ட, நான் ஒருநாளும் நம்பாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெட்ரோலோடு தண்ணீரையும் சேர்த்து ஊற்றிய மெக்கானிக் என்ற பெயரோடுதான் அண்ணன் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெயரைத் துடைக்காமல் இந்த மலர் உங்கள் வீடுகளுக்கு வருவதில் எனக்குச் சம்மதமில்லை.

அண்ணன் பிறந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா அங்கே லொறி டிரைவர். ரிவர்ஸ்டன் பாதையில் பனிமூட்டத்தில் லொறி பள்ளத்தில் இறங்கி அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. அம்மா எங்களை மாத்தளை டவுனுக்குக் கூட்டி வந்து, வீடு வீடாக மிளகாயும் மல்லியும் இடித்துக் கொடுத்து வளர்த்தார். அண்ணன் ஒரு கராஜில் வேலை பழகி, பிறகு சொந்தமாக ஒன்று போட்டார். சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமாரின் கார்கள் அவரைத் தேடி வந்தன. கை சுத்தம், வேலை சுத்தம் என்று பெயர் எடுத்தார்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, யுத்தத்துக்கு முந்திய தன் பழைய காரை அண்ணனிடம் விட்டுப்போனார். “வெள்ளக்காரரு சும்மா குடுக்குறாருன்னா உள்ளுக்குள்ள ஒண்ணுமே இருக்காதுங்கண்ணே” என்றேன். சொன்னது சரியாகத்தான் இருந்தது. எஞ்சின் துருப்பிடித்து இறுகியிருந்தது. பின் சீட்டில் கோழி அடை கிடந்தது. அண்ணனும் அவருடைய கூட்டாளி ஜெமீல் நானாவும் சேர்ந்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். நானாவுக்குப் பழைய இரும்புக் கடை. கிடைக்காத சாமானையும் எங்கிருந்தாவது கொண்டுவருவார். எங்கிருந்து என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அந்நாட்களில் பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் சிகிரியாப் பக்கம், யுத்தத்துக்காகப் போட்ட விமான ஓடுபாதையில் கூடுவார்கள். ஒவ்வொரு காராகத் தனியே ஓடவிட்டு வேகம் பார்ப்பார்கள். அண்ணனுக்கு அங்கே ஓட ஆசை. அம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தார்.

“ஒங்கப்பா மெதுவா போயே போய்ச் சேர்ந்துட்டாரு. நீ வேகமா வேற போகணுமா?” என்றார்.

“ஒரே ஒரு தடவம்மா. ரோட்டு நேரா இருக்கு. பள்ளமே இல்ல.”

அப்படிப் பட்டினி கிடந்த அம்மா, ஓட்டத்துக்கு முதல் நாள் திடீரென்று சரி என்றார். அம்மன் கோயில் மஞ்சள் தீர்த்தத்தைச் செம்பில் எடுத்துக்கொண்டு தாமும் வருவதாகச் சொன்னார். அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குத்தான் அது சரியாகப் படவில்லை.

காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோனோம். ஓடுபாதை ஓரத்தில் அண்ணன் டாங்கியைக் காலி செய்து, புதுப் பெட்ரோலை மெல்லிய ஆட்டுத்தோலில் வடிகட்டி ஊற்றினார். அது அவருடைய வழக்கம். பெட்ரோல் அந்தத் தோலில் இறங்கும். தண்ணீர் மேலேயே நின்றுவிடும். பிறகு தம்முடைய முறை எப்போது வரும் என்று கேட்க அவர் போக, நானும் கூடப் போனேன். காருக்குக் காவலாக ஜெமீல் நானாவும் அம்மாவும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா பொனட்டுக்கு மஞ்சள் நீர் தெளித்து முடித்திருந்தார். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று.

அண்ணன் புறப்பட்டார். அந்தக் கிழட்டு எஞ்சின் அப்படிச் சத்தம் போடும் என்று நான் நினைக்கவில்லை. துரைமார் எழுந்து நின்று பார்த்தார்கள். பாதி தூரம் போனதும் கார் இரண்டு மூன்று தடவை இருமியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

எல்லோரும் ஓடினோம். பெட்ரோல் வரும் வழியில் அழுக்குப் படிவதற்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அண்ணன் அதைக் கழற்றினார். “வத்துர! வத்துர!” என்று யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். தண்ணீர்தான். அடுத்த நிமிஷம் இரண்டு பேர் ஜெமீல் நானாவின் சட்டையைப் பிடித்தார்கள். வேறு கார்க்காரனிடம் காசுக்குக் கைநீட்டியிருப்பான் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே சொன்னார்கள். உண்மையில் எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

“அல்லாஹ் அறிய நான் தொடல்ல தம்பி” என்று நானா அழுதார்.

அண்ணன் கிண்ணத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். அம்மாவையும் பார்த்தார். சட்டென்று அதை மண்ணில் கொட்டிவிட்டு உரக்கச் சொன்னார்:

“நானாவ விடுங்க. பெட்ரோல் டின்ன கழுவிட்டு காயவைக்காம ஊத்தினது நான்தான். என் பிழை.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். தோலில் வடிகட்டும் மனிதருக்கு டின்னில் இருந்த தண்ணீர் எப்படித் தப்பும்? ஆனால் மற்றவர்கள் நம்பினார்கள். நானாவின் மானம் தப்பியது. அண்ணனின் மானம் போயிற்று. துரைமார் ஒவ்வொருவராகக் காரை வேறு கராஜுக்கு அனுப்பினார்கள். டவுனில் ‘வத்துர பாஸ்’ என்று, தண்ணீர் மெக்கானிக் என்ற பொருளில், பட்டம் வைத்தார்கள். அண்ணன் டிராக்டரும் தண்ணீர் மோட்டரும் திருத்தப் பல்லேகம வரை பஸ்ஸில் போய்த்தான் பிழைத்தார். அதன் பிறகு அவர் ஓடுபாதைப் பக்கமே போகவில்லை. வெட்கம் என்றார்கள்.

நான் அந்தக் கிண்ணத்தை அருகிலிருந்து பார்த்தவள். துரு நீர் சிவப்பாக இருக்கும். வாய்க்கால் நீர் கலங்கியிருக்கும். அதிலிருந்தது மஞ்சள். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன்.

“சாமி தீர்த்தம்டி. காரு வயித்துக்குள்ளயும் கொஞ்சம் போகட்டும்னு ஊத்தினேன். அதுக்கு ஆகாதுன்னு எனக்கு என்னா தெரியும்?” என்றார்.

“அம்மா கிட்ட இனி இதப் பத்திப் பேசாத. வெளிய ஒருத்தருக்கும் தெரிய வேணாம்” என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பேசவில்லை. ஆனால் அம்மா சொன்னதை நம்பவுமில்லை. பெட்ரோல் மூடி எது, தண்ணீர் மூடி எது என்று தேடிப் பார்த்து ஊற்றிய கை, ஒன்றும் தெரியாத கையா?

வருஷங்கள் கழிந்து, அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், அண்ணன் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அம்மாவே வாய் திறந்தார்.

“ஒங்கப்பா லொறிக்கு ஒருதரம் மழைத் தண்ணி எறங்கி, நடு ரோட்டுல நின்னுச்சு. உருளாம இருக்க சக்கரத்துக்கு நான்தான் கல்லு வச்சேன். தண்ணி விழுந்தா எஞ்சின் நிக்கும்னு எனக்கா தெரியாது, மகன்? நீ உசுரோட எறங்கணும், அவ்வளவுதான். ஒம் பேரு கெடும்னு நெனைக்கலப்பா.”

அண்ணன் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

“தெரியும்மா. அன்னிக்கு ஒங்க மொகத்தப் பாத்ததுமே தெரியும். அதனாலதான் பொறகு நான் ஓடல. நீங்க குடிங்க” என்றார்.

அண்ணனின் நோயில் உடனிருந்து கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், சமையலைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், வஹகோட்டையிலிருந்தும் பல்லேகமவிலிருந்தும் வந்த வாடிக்கையாளர்களுக்கும், சொந்தப் பிள்ளைகளைப் போல நின்று காரியம் பார்த்த ஜெமீல் நானாவின் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கவனமில்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டே வந்து அவருக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு, நான் தனியே ஒருமுறை கைகூப்புகிறேன்.